தலைகீழாக நட்ட துண்டு

குப்பை வண்டி கிளம்பிவிட்டது.

சின்னவள் செருப்பில்லாமல் ஓடினாள். தெருமுனை திரும்புவதற்குள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் ஊன்றித் தொங்கியபடி, மறுகையால் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

வண்டி முனகி நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏம்மா, பஸ்ஸுன்னு நினைச்சு ஏறிட்டியா?"

"அண்ணே, இப்ப எங்க கடை வாசல்ல எடுத்த மூட்டை. அதுல ஒண்ணு வேணும்."

"தங்கத்தைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"முள்ளுச் செடி."

"அது சரி. ஊருக்கே முள்ளு விக்கிற கடையை வச்சுக்கிட்டு, குப்பையில வந்து முள்ளு தேடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"ஒருத்தர் கண்ணு போகப் போகுதுண்ணே. பின்னால திறங்க."

ஓட்டுநரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. இறங்கி வந்து தாழ்ப்பாளைத் தட்டினார். சின்னவள் முழங்கை வரை கிளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஏறினாள். அழுகிய இலையும், நனைந்த அட்டைப்பெட்டியும், யார் வீட்டு எலும்போ, எல்லாம் முழங்காலைத் தொட்டன.

பின்னாலிருந்து குரல் வந்தது. குரல் வருவதற்கு முன்பே அது யாருடையது என்று தெருவுக்குத் தெரியும்.

"போடி, போ. நல்லாக் கிளறு. உனக்கு ஏத்த இடம் அதுதான்."

கடை வாசலில் பெரியவள், இடுப்பில் கை.

இந்த இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் புதிதாகக் குடிவருகிறவர்கள் நம்புவதில்லை. கீழே கடை பெரியவளுக்கு, மேலே மொட்டைமாடி சின்னவளுக்கு என்று பிரித்துக்கொண்டதிலிருந்து, மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், ஒருத்தி கைப்பிடியைப் பார்ப்பாள். மாடியில் காயவைத்த செடித் துண்டுகள் தானாகக் குறைகின்றன என்று சின்னவள் சத்தம் போட்டதும், 'ஆமா, அதுக்குக் கால் முளைச்சு நடந்து போகுது' என்று பெரியவள் பதில் கொடுத்ததும் போன வாரக் கதை. இந்த வாரம் அந்தத் துண்டுகளில் ஒன்று நிஜமாகவே ஓர் ஆளைப் படுக்கவைத்துவிட்டது.

படுத்தவர் பெரியவளின் கணவர். கப்பல் கட்டும் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்.

இன்று காலை ஏதோ அலுவலகத்துக்குப் போகவேண்டிய செடிக் கிண்ணங்களை வேனில் ஏற்ற உதவினார். ஒரு கிண்ணத்தில் நடுவில் நின்ற முள்ளுச் செடி சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் போனார். அது நடுவில் முறிந்தது. கிரேன்காரர் கையைச் சட்டையில் துடைத்தார், நெற்றி வேர்வையை வழித்தார், வலது கண்ணையும் சேர்த்து வழித்துக்கொண்டார்.

முதலில் லேசான உறுத்தல். தண்ணீர் அடித்துவிட்டுப் படுத்தார். மத்தியானம் எழுந்தபோது வலது கண் வீங்கி மூடியிருந்தது.

காக்டஸ் முள் ஏறிவிட்டது என்று பெரியவள் தீர்ப்பு சொன்னாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடையைப் பூட்ட வந்தவள் உடைந்த கிண்ணத்தை மூட்டையில் கட்டி வாசலில் வைத்தாள். அதே நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவளின் கணவர் அவளுக்குப் போன் செய்தார்.

"டாக்டர் எந்தச் செடின்னு கேக்குறாங்க. உங்க அக்கா காக்டஸ்ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஆனா உள்ள முள்ளே இல்லையாம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

அந்தக் கேள்விதான் சின்னவளைக் குப்பை வண்டியில் ஏற்றியது.

கருப்புப் பையைக் கிழித்தாள். ஈர மண், உடைந்த கிண்ணம், நசுங்கிய சின்னச் சின்ன ரோஜா வடிவச் செடிகள், எல்லாவற்றுக்கும் அடியில் அது. கட்டைவிரல் தடிமன். ஐந்து விளிம்பு. நடுவில் முறிவு. முறிந்த இடத்தில் மண் கோந்து போட்டதுபோல் ஒட்டியிருந்தது.

மாடிக்குப் பெயரில்லாமல் வந்து சேரும் ஒவ்வொரு துண்டிடமும் சின்னவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உன் முள் எங்கிருந்து முளைக்கிறது? நிஜமான காக்டஸ் என்றால் முள்ளின் அடியில் ஒரு பஞ்சுப் பொட்டு இருக்கும், பொம்மைத் தலையணை மாதிரி. முள் அதிலிருந்துதான் கிளம்பும். இதில் பொட்டைக் காணோம். மாட்டுக்கொம்பு மாதிரி இரட்டை இரட்டையாக முள், நேரே விளிம்பின் தோலிலிருந்து.

இடுப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியின் நுனியால் ஒரு கீறல் போட்டாள்.

வெள்ளையாகத் திரண்டு, உருண்டு, சொட்டியது.

"பாலா?" என்றார் எட்டிப் பார்த்த ஓட்டுநர்.

"பால்தான்."

"அது கண்ணுல பட்டிருந்தா...?"

"அதான் ஓடியாந்தேன்."

"கிளவுஸோட முகத்தைத் துடைச்சுடாதம்மா. இறங்கு, இறங்கு."

இறங்கும்போதுதான் சின்னவள் துண்டின் மேல்முனையைப் பார்த்தாள். அந்த வெட்டு யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது.

நிறுத்தத்தில் ஒரே ஒரு ஆட்டோ. அதில் பெரியவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் மறுபக்கத்து வழியாக ஏறினாள்.

"இறங்குடி."

"நீ இறங்கு."

"நான் முதல்ல ஏறினேன்."

"நீ முதல்ல பொறந்தே. அதுக்காக ஆட்டோவெல்லாம் உன்னுதாயிடுமா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் எங்கன்னு சொல்லுங்க."

"கண் ஆஸ்பத்திரி," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிறகு அப்படி ஒத்துப்போனதற்காகவே இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நடுவில், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், அந்தத் துண்டு.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர்றே? டாக்டர்கிட்ட என்னைக் காட்டிக் கொடுக்கவா?"

"முள்ளு இல்ல. பால். கண்ணுல போனது பால்."

"காக்டஸ்ல ஏதுடி பாலு? எனக்கே பாடம் எடுக்குறியா?"

"இது காக்டஸே இல்ல."

"முள்ளு இருக்கே."

"மீன்லகூடத்தான் முள்ளு இருக்கு. தொட்டியில நட்டு விக்க வேண்டியதுதானே."

ஆட்டோக்காரர் தோள் குலுங்கியது. பெரியவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். தோள் நின்றது.

"நான் நடும்போது ஒரு சொட்டுப் பால் இல்ல. ரெண்டு முனையும் காய்ஞ்சு கட்டையாட்டம் இருந்துச்சு. பால் இருந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"எங்கேருந்து வந்துச்சு இது?"

"மொத்த லோடுல வந்துச்சு."

"லோடுலயா?"

"அதான் சொல்றேன்ல."

சின்னவள் டப்பாவைத் திறந்து பெரியவளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"நல்லாப் பாரு. மேல்முனை சாய்வெட்டு. அடி நேர்வெட்டு."

"அதுக்கென்ன? அப்படித்தானே நட்டாகணும்?"

"நீ அப்படித்தான் நடுவே."

இங்கே ஒரு நிமிடம். தலையும் வேரும் இல்லாத நடுத்துண்டைக் கையில் எடுத்தால் எது மேல், எது கீழ் என்று குழப்பம் வரும். அதற்காக வெட்டுகிறவர்கள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பெரியவள் மேல்முனையைச் சாய்த்து வெட்டுவாள், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும் என்பாள். சின்னவள் அடிமுனையைச் சாய்த்து வெட்டுவாள், மண்ணில் சுலபமாக இறங்கும் என்பாள். சேர்ந்து கடை நடத்தியபோது இதற்கே ஒரு சண்டை நடந்து, இருவரும் சாகும்வரை மாறப்போவதில்லை என்று முடிவாயிற்று. அவரவர் வெட்டியதை அவரவர் நட்டதால் செடிகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

"துளிர் முள்ளுக்கு மேலதான் வரும்," என்றாள் சின்னவள். "இதுல துளிர்த் தழும்பு முள்ளுக்குக் கீழ இருக்கு. கிண்ணத்துல இது தலைகீழா நின்னிருக்கு. நான் அடியைச் சாய்ச்சு வெட்டினேன். நீ உன் வழக்கத்துக்கு அதையே மேல வச்சு நட்டுட்டே. இந்த உலகத்துல இப்படி ஒரு செடி நிக்கணும்னா, நான் வெட்டி நீ திருடியிருக்கணும்."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டப்பா பெரியவள் பக்கம் நகர்ந்தது. அவள் அதைக் காலால் தள்ளினாள்.

"சரி. எடுத்தேன். என்ன இப்போ? என் வீட்டு மாடி."

"வீடு ரெண்டு பேருக்கும்."

"பேச வந்துட்டா. வெட்டின பாலைத் தண்ணி அடிச்சுக் கழுவி, துடைச்சு, ஒண்ணுந்தெரியாத பாப்பா மாதிரி தட்டுல அடுக்கி வச்சது யாரு? வழிஞ்சது வழிஞ்சபடி இருந்திருந்தா நான் கண்டிருப்பேன். உன் சுத்தம்தான்டி என் புருஷன் கண்ணைக் கெடுத்துச்சு."

சின்னவள் டப்பாவை எடுத்து மூடினாள். அது பொய்யில்லை. பால் நிற்கும்வரை தண்ணீர் தெளித்து, துணியால் ஒற்றி, நிழலில் காயவைப்பது அவள் வழக்கம். மாடித் தட்டுகள் கண்ணாடிக் கடை அலமாரி மாதிரி இருக்கும்.

"சிவப்புக் கயிறு கட்டியிருந்தேனே," என்றாள்.

"கயிறு பார்த்தேன். அசிங்கமா இருந்துச்சு. அறுத்துப் போட்டேன்."

"சிவப்புக் கயிறுன்னா பேர் தெரியாதது, விக்கக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான்."

"அப்ப நாம பேசிக்கிட்டு இருந்தோம்."

"பேச்சு நின்னா கயிறும் செத்துப்போச்சா?"

"பேரே தெரியாத எழவை எதுக்குடி வளக்குறே?"

"பூத்தா தெரிஞ்சுடும்னுதான்."

"உன் மாடியில பூக்கறதுக்குள்ள என் வீட்டுல காய்ச்சுடுச்சு பாரு." பெரியவள் குரல் இறங்கி, பல்லுக்கு இடையில் வந்தது. "கேட்டுக்கோ. அவரு கண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, மாடியில ஒரு தொட்டி மிச்சம் இருக்காது. நானே ஒவ்வொண்ணாத் தூக்கிக் கீழ போடுவேன். எல்லாம் முடிஞ்சதும் உன்னையும் போடுவேன்."

"அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபடி.

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இறங்கினார்கள்.

"நினைச்சேன்," என்றார்.

அவசரப் பிரிவின் வாசலில் பச்சைக்கொடி நின்றிருந்தார். சின்னவளின் கணவர். அதே யார்டில், அதே கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுவது அவர் வேலை. மேலே கூண்டில் கிரேன்காரர், கீழே தரையில் இவர், நடுவில் கம்பியில் தொங்குகிற இரும்புத் தகடு. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் இவர் கை அசைவில். வீட்டிலும் யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவதால் அக்காவும் தங்கையும் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"ஒரே ஆட்டோலயா வந்தீங்க?" என்றார் நம்பாமல்.

"அத்தான் எங்க?"

"உள்ள. டாக்டர் கோவமா இருக்காங்க."

டாக்டரம்மாவின் குரலில் சர்க்கரை கிடையாது. பெரிய உருப்பெருக்கிக் கருவிக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுத்து, முதலில் பெரியவளைத்தான் பார்த்தார்.

"நீங்கதானே முள்ளுன்னு சொன்னது? இமையை மடக்கி மடக்கிப் பார்த்துட்டேன். முள்ளு இல்ல. கருவிழி மேல்தோல் வெந்த மாதிரி இருக்கு. செடியில பால் வருமான்னு உங்ககிட்ட கேட்டேன். வராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போனீங்க."

பெரியவள் சுவரில் ஒட்டியிருந்த கண் படத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

சின்னவள் டப்பாவை மேஜையில் வைத்தாள். கீறின இடத்தில் பால் இன்னும் ஈரமாக இருந்தது. டாக்டர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பேர் என்ன இதுக்கு?"

நாக்கு நுனியில் மூன்று பெயர்கள் வந்து நின்றன. கடையில் என்றால் நடுவில் இருப்பதைச் சொல்லி, அட்டையில் எழுதி, குத்தியும் வைத்திருப்பார்கள். சின்னவள் அந்தப் பெயர்களை விழுங்கினாள்.

"தெரியாது டாக்டர்."

"வளக்கிறது நீங்கதானே?"

"எனக்குத் துண்டாத்தான் கிடைச்சுது. இன்னும் பூக்கல. பூக்காம பேர் சொன்னா அது ஊகம். ஆனா எந்தக் கூட்டம்னு உறுதியாச் சொல்வேன். முள்ளோட அடியில பஞ்சு இல்ல, முள்ளு ரெட்டை, கீறினா பால். காக்டஸ்ல ஒண்ணுகூட இப்படி இருக்காது. இது பால்கள்ளிக் கூட்டம். தோல்ல பட்டாலே கொப்புளிக்கிற வகையும் இதுக்குள்ள உண்டு. இது அதுல எதுன்னுதான் தெரியல."

"கூட்டம் போதும்," என்றார் டாக்டர். நர்ஸ் பக்கம் திரும்பினார். "கழுவறதை நிறுத்த வேண்டாம். இன்னொரு பாட்டில் தொங்க விடுங்க."

பெரியவளால் வாயைக் கட்ட முடியவில்லை. "பேர்கூடத் தெரியாததை வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கா பாருங்க டாக்டர்."

"பேர் தெரியாததை அவங்க வச்சிருந்தாங்க. நீங்க வித்திருக்கீங்க. ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க. இங்க ஒருத்தருக்குக் கண்ணு கழுவணும்."

வெளியே நீளமான நடை. சுவரோரம் நாற்காலிகள். பாதிப் பேர் ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக்கொண்டு, மிச்சக் கண்ணால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். சின்னவள் மறுகோடியில். பச்சைக்கொடி நடுவில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"ஒரு மனுஷன் உள்ள துடிக்கிறாரு. இவ டாக்டர்கிட்ட வகுப்பெடுக்குறா," என்று பெரியவள் சுவரிடம் சொன்னாள்.

"எடுக்காம இருந்திருந்தா இன்னும் முள்ளைத்தான் தேடிக்கிட்டு இருந்திருப்பாங்க," என்று சின்னவள் எதிர்ச்சுவரிடம் சொன்னாள்.

"செடிக்கெல்லாம் கூட்டம் தெரியுது. சொந்தக் கூட்டம்தான் தெரியல."

"சொந்தக் கூட்டத்துல திருடி இருக்குன்னு இப்பத்தானே தெரிஞ்சுது."

"ஏம்மா," என்றார் பச்சைக்கொடி மனைவியிடம், மெதுவாக. "உங்க அக்கா சொல்றதுலயும் ஒரு இது..."

"கொடியை மடக்கி வைங்க நீங்க. எப்பப் பார்த்தாலும் எல்லாப் பக்கமும் ஆட்டிக்கிட்டு."

"தம்பி, நீங்க பேசாதீங்க," என்று பெரியவளும் வெட்டினாள். "நீங்க இதுல வாயே திறக்கக்கூடாது."

பச்சைக்கொடியின் கழுத்தில் வேர்வை வழிந்தது. நடையில் மின்விசிறி வேகமாகத்தான் சுற்றியது.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். ஊரில் யாருக்குமே கண்ணில் தூசி விழுந்ததில்லையா? அத்தானுக்கு ஜுரம் அடித்த நாட்களில்கூட வாடிக்கையாளரிடம் சிரித்துச் சிரித்துத் தொட்டி விற்றவள் பெரியவள். கிரேன் படியில் வழுக்கி முழங்கால் பெயர்ந்து வந்த அன்று, 'ரெண்டு கால்ல ஒண்ணுதானே' என்று கேலி செய்தவள். இன்று மத்தியானம் முதல் அவள் கோபம் கோபமாக மட்டும் இல்லை. கழுத்தில் கத்தி வைத்தாற்போலக் கத்துகிறாள்.

கதவு திறந்தது. நர்ஸ் கையைக் காட்டினாள்.

கிரேன்காரர் உயரமான நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டையின் கழுத்து முழுதும் ஈரம். வலது கண் சிவந்து, சிறுத்து, ஒரு கோடாகத் திறந்திருந்தது. அந்தக் கோட்டின் வழியே மூவரையும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கண்ணு போனாலும் நஷ்டமில்ல."

"வாயைக் கழுவுங்க," என்றாள் பெரியவள்.

"அதையும் கழுவிட்டாங்க. மூஞ்சியில ஒரு இடம் பாக்கியில்ல."

"அத்தான்," என்றாள் சின்னவள்.

"உன் செடியாம்மே. நல்ல ஜாதிச் செடிதான். தொட்டவனை விடல."

டாக்டர் சொட்டு மருந்தை விட்டு, வலது கண்ணைப் பஞ்சு வைத்து மூடி, நாடாவை ஒட்டினார்.

"பிழைச்சீங்க. புண்ணு ஆழமா இறங்கல. பால்னு தெரியாம முள்ளைத் தேடியே இன்னைக்குப் பொழுதை ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்லல. இந்தக் கண்ணு தேறிடும்னு நினைக்கிறேன். நாளைக்குத் திறந்து பார்த்தாத்தான் உறுதி. அதுவரைக்கும் இது மூடியே இருக்கணும்."

சின்னவள் மூச்சை விட்டாள். குப்பை வண்டியில் ஏறியதிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. பக்கத்தில் பெரியவள் விடவில்லை.

"அந்தக் கண்ணுலயும் தெறிச்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறேன்," என்றார் டாக்டர் இடது கண்ணுக்கு நேரே வந்து நின்று. "எத்தனை விரல்?"

"ரெண்டு," என்றார் கிரேன்காரர், யோசிக்காமல்.

டாக்டரின் இரண்டு கைகளும் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் இருந்தன.

சுவரில் இருந்த குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"இப்போ?"

கிரேன்காரர் லேசாகச் சிரித்தார். "மூணு."

கைகள் பைகளுக்குள்ளேயே இருந்தன.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். குரல் அரைக் கட்டை இறங்கியிருந்தது.

"கிரேன் ஓட்டுறேன்."

"இந்தக் கண்ணுல பால் படல. இது இன்னைக்குப் போனதில்ல. ரொம்ப நாளா பார்வையே இல்ல. சரிதானே?"

டாக்டர் நகர்ந்துவிட்டதை அறியாமல், கிரேன்காரர் அவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மூணு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

நடைக்கு வந்ததும் சின்னவள் திரும்பினாள். அக்கா அலறுவாள், சரிவாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கையைக்கூட நீட்டியிருந்தாள்.

பெரியவள் நேராக நின்றாள். முகத்தில் துக்கம் இருந்தது, களைப்பு இருந்தது. அதிர்ச்சி மட்டும் இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் சின்னவள்.

பெரியவள் நடையின் இருபுறமும் பார்த்தாள்.

"ஒரு கண்ணுதான் மிச்சம்னு தெரிஞ்சுதான் மத்தியானத்துலேருந்து என்னைக் கொல்லுற மாதிரி கத்துறே. தெரிஞ்சுதான் அவரை மேல ஏத்தி அனுப்பியிருக்கே. ஒத்தக் கண்ணுல தூரம் தெரியுமா? தகடு எவ்வளவு கிட்ட வருதுன்னு தெரியுமா? கீழ என் புருஷன் நிக்கிறாரு அக்கா."

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? நான் ஊருக்கே சொல்லப்போறேன். யார்டுக்கு இப்பவே போன் போடுறேன். வருஷா வருஷம் கண் டெஸ்ட் வைக்கிறாங்களே, அதுல தேறாம கூண்டுல காலை வைக்க விடமாட்டாங்களே. எவனை ஏமாத்தினீங்க? எப்படித் தேறினாரு?"

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகப் பிடித்தாள். பிடியில் சண்டை இல்லை. அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

"அவரு டெஸ்டுக்குப் போகவே இல்லடி. அவரு பேரைச் சொல்லிக்கிட்டுப் போய், கடைசி வரியில இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் படிச்சுக் காட்டிட்டு வந்தது வேற ஆளு."

"யாரு?"

"என்கிட்ட கேக்காதே."

"வேற யார்கிட்ட கேக்க?"

பெரியவள் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

சின்னவள் மெல்லத் திரும்பினாள். தண்ணீர் பாட்டிலின் மூடி தரையில் உருண்டு, நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அவள் கணவர் அதை எடுக்கக் குனியவில்லை.

"நான்தான்," என்றார் பச்சைக்கொடி. "போன தடவையும் நான்தான்."